ஆய்வுக்கூடச் சாமானுக்கு அரிவாள் பட்டறை

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில், குனுங் லம்பாக் மலைக்குப் போகும் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. பலகை துருப்பிடித்து எழுத்தெல்லாம் போய்விட்டது, ஆனால் அரிவாள் பட்டறை என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டும் அரிவாள், உளி, தள்ளுவண்டி, அறுந்த கேட்டு, இதுதான் அங்கே நடக்கும் வேலை. செடி நோய் ஆராய்ச்சி செய்யும் எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். கடந்த ஒன்றரை வருடத்தில் என் ஆய்வுக்கூடத்துக்கு உண்மையிலேயே உதவிய சாமான் எல்லாம் அங்கிருந்துதான் வந்தது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றை ஏன் பிடித்துவைத்தேன் என்பது பின்னால் வரும்.

எனக்கு ஏழு வருடமாக முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் பசை போட்டு ஒட்டினது மாதிரி இருக்கும், இளக ஒரு மணி நேரம் ஆகும், மழை நாளில் இரண்டு என்று எனக்குத் தோன்றும் (டாக்டர் சிரிப்பார்). வேலையோ கானோடெர்மா, செம்பனையின் அடித்தண்டை அழுக வைக்கும் பூஞ்சை. அதைத் தட்டில் வளர்க்க ஊடகம், அதாவது பூஞ்சைக்கான சாப்பாடு, காய்ச்ச வேண்டும், காய்ச்சியதை ஆட்டோகிளேவ் என்கிற, நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் பாத்திரத்தில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைக்க வேண்டும். வெளியே இருப்பவர்கள் ஆராய்ச்சி என்றால் மூளை வேலை என்று நினைக்கிறார்கள். பாதி நாள் மூடி திறக்கிற வேலைதான். லிட்டர் பாட்டிலின் நீல மூடி, ஒன்றரை மில்லி குழாயின் குட்டி மூடி, தட்டைச் சுற்றிப் பாராஃபிலிம் என்கிற மெழுகு நாடாவை இழுத்து ஒட்டுவது, இதெல்லாம் போக அந்த ஆட்டோகிளேவ் மூடியின் சக்கரம். அதுவும் காலை எட்டு மணிக்கு, கை மிக மோசமாக இருக்கும் நேரத்தில்.

முறைப்படி கேட்டுப் பார்க்காமல் இல்லை. திரவத்தை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டில், கட்டைவிரலால் அழுத்தத் தேவையில்லாத மின்சார வகை ஒன்று கேட்டேன். விலைப்பட்டியல் வந்தது, கூட ஒரு கேள்வியும் வந்தது, ஓகேயூ (ஊனமுற்றோர்) அட்டை இருக்கிறதா என்று. நம் நாட்டில் 2008 முதல் ஊனமுற்றோர் சட்டம் இருக்கிறது, அட்டைக்கு ஏழு வகை வைத்திருக்கிறார்கள், நாள்பட்ட நோய்க்கென்று தனி வகை கிடையாது. மதியம் மூன்று மணிக்கு என்னைப் பார்த்தால் உடல் ஊனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காலை எட்டுக்கு வந்து பார்த்தால் சொல்வார்கள். சரி, அந்தக் கோப்பு இன்னும் யார் மேசையிலோ இருக்கிறது.

பட்டறைக்கு முதலில் போனது அப்பாவின் தள்ளுவண்டிக்கு. பணம் கொடுக்கும்போது ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) தாளை இரண்டு விரல் நடுவில் செருகி நீட்டினேன், எனக்கே தெரியாமல் வந்த பழக்கம். பட்டறைக்கார அண்ணன் தாளைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். "எங்கம்மாவும் இப்படித்தான் பிடிப்பாங்க" என்றார். அவர் அம்மா தோட்டத்தில் பூவுக்குத் தூள் அடித்தவர். இளைய வாசகர்களுக்குத் தெரியாது, அந்தக் காலத்தில் செம்பனையில் காய் பிடிக்க ஆள் வைத்து மகரந்தத்தை டால்கம் தூளோடு கலந்து பெண் பூவில் அடிக்க வேண்டும். கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வண்டை 1981இல் நம் குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் விட்டார்கள், அப்புறம் அந்த வேலையை வண்டே பார்த்துக்கொண்டது. அம்மாவை வேறு வேலைக்கு மாற்றினார்கள், விரல் மட்டும் கோணலாகவே நின்றுவிட்டதாம். என்ன நோய் என்று யாரும் பெயர் சொல்லவில்லை. அவர் வாளிக் கைப்பிடியில் மகன் சைக்கிள் டியூப் சுற்றிக் கொடுத்ததுதான் வைத்தியம்.

"உங்க வேலையில எது வலிக்குது?" என்று கேட்டார். சொன்னேன். "சொன்னா புரியாது, எத்தனை மணிக்கு ரொம்ப மோசம்?" என்றார். சொன்னபடி ஒரு காலை ஏழே முக்காலுக்கு ஆய்வுக்கூட வாசலில் மோட்டாரோடு நின்றார். நான் பாட்டிலை மார்போடு அணைத்து முழங்கையால் மூடியைத் திருகுவதை, வாயே திறக்காமல் பார்த்தார். நாடாவால் சக்கரத்தை அளந்தார். ஆட்டோகிளேவைத் தட்டிப் பார்த்து, "இதுல நான் வெல்டிங் வைக்க மாட்டேன், அழுத்தம் ஏறுற பாத்திரம்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் போகலாம். அரசாங்கச் சான்றிதழோடு ஓடும் சாமானில் கைவைக்கக் கூடாது என்பதை நான் சொல்லாமலே தெரிந்த மனிதர்.

செய்து கொடுத்தது மூன்று. ஒன்று, சக்கரத்தின் ஆரத்தில் மாட்டிக் கழற்றுகிற கம்பி, நுனி கவைபோல் இருக்கும், பிடியில் மோட்டார் டியூப். விரலால் பிடிக்க வேண்டியதில்லை, உள்ளங்கையை வைத்துச் சாய்ந்தால் சக்கரம் திரும்புகிறது. முதலில் செய்தது நீளம் அதிகம், பின்சுவரில் இடித்தது, அதே நாள் மாலை அறுத்துக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. இரண்டு, மேசைக்கு அடியில் திருகிய வி வடிவத் தகடு. பாட்டில் மூடியை அதில் செருகி, இரண்டு கையாலும் பாட்டிலைத் திருப்பினால் போதும். மூன்றாவது ஒரு ரப்பர் மரக்கட்டைதான், நடுவில் அறுத்த ஒரு பள்ளம், குழாய் மூடியின் நாக்கை அதில் கொடுத்து நெம்பினால் டக்கென்று திறக்கும். இந்தக் கட்டையைத்தான் கூடவேலை செய்கிற, கை நன்றாக இருக்கிற பிள்ளைகள் என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு முறை தேடிப் பிடித்தேன்.

கம்பி வாங்கப் போனபோது, எக்ஸ்ரேயால் மூலக்கூறுகளின் அமைப்பை ஆராய்ந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி டோரதி ஹாட்ஜ்கின் கதையைச் சொன்னேன். 24 வயதிலேயே இதே முடக்குவாதம் என்று தெரிந்தவர். 1938இல் நோய் கடுமையாகி, சிகிச்சை முடிந்து திரும்பிவந்து பார்த்தால் எக்ஸ்ரே கருவியின் மெயின் சுவிட்சைப் போடக் கையால் முடியவில்லை, அதற்கு ஒரு நீளக் கம்பி வைத்துக்கொண்டார். அப்புறம்தான் பெனிசிலின், பி12 இவற்றின் அமைப்பைக் கண்டுபிடித்தார், 1964இல் வேதியியல் நோபல், 1969இல் இன்சுலினின் அமைப்பு. அண்ணன் கிரைண்டரை நிறுத்திக் கேட்டுவிட்டு, "கம்பி எத்தனை அடி?" என்றார். நோபல் பரிசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி குறை. கம்பி வந்த மூன்றாம் வாரம் ஆட்டோகிளேவ் மூடியின் ரப்பர் வளையம் நசுங்கிவிட்டது. முன்பெல்லாம் என் வலியே எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கம்பி போட்டால் எவ்வளவு இறுக்குகிறோம் என்பதே கைக்குத் தெரிவதில்லை. இப்போது சக்கரத்தில் பெயிண்டால் கோடு போட்டு அதோடு நிறுத்துகிறேன். அண்ணனும் முதலிலேயே எச்சரித்திருக்கலாம், நானும் யோசித்திருக்கலாம். ஆனால் புது வளையத்துக்கு என் சம்பளத்தில்தான் போனது, அதனால் ஒரு நட்சத்திரம் போச்சு.

சொன்ன நாளில் கிடைக்காது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அறுவடை உச்சத்தில் அரிவாள்காரர்களுக்குத்தான் முதலிடம், அதில் நியாயம் இருக்கிறது. சனிக்கிழமை போகாதீர்கள், அன்று பெயிண்ட் அடிக்கிற நாள். எனக்கு அது இன்னும் கஷ்டம். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை லீவு நாளுக்கு முந்தின இரவு போடுவேன். ஜொகூரில் வெள்ளி, சனி லீவாக இருந்தவரை வியாழன் இரவு போட்டேன், 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறு ஆனதால் வெள்ளி இரவு. மறுநாள் முழுக்கக் குமட்டும், அந்த வயிற்றோடு தின்னர் வாசனைக்குள் நுழைந்தால் வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான்.

கம்பி 60 வெள்ளி, தகடு 35, கட்டைக்கு ஒன்றும் வேண்டாம் என்றார், வற்புறுத்திப் பத்து கொடுத்தேன். ரசீது எழுதித் தரச் சொன்னால் "இரும்புச் சாமான்" என்று மட்டும் எழுதுவார், ஆபீசில் காட்டிப் பணம் வாங்க முடியாது. மின்சாரப் பிப்பெட்டுக்குப் பதிலாக அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, என் சாதாரணப் பிப்பெட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என் வேலை இல்லம்மா" என்று தந்துவிட்டார்.

அடுத்து, நின்றபடி சாய்ந்துகொள்ள ஒரு உயரமான முக்காலி சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் தருவதாக அண்ணன் சொன்னார். எந்த வருடத் தீபாவளி என்று கேட்காமல் வந்துவிட்டேன்.