லினக்ஸ் லேப்டாப் பூட் ஆகலையா? "டிஸ்க் போச்சு"ன்னு கடைக்காரர் சொன்னா ஆதாரம் கேளுங்க

என் தங்கை படிக்கும் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடை. அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் பாதிப்பேர் இந்தக் கடைக்குத்தான் போகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் லேப்டாப்பில் உபுண்டு, லினக்ஸில் ஒரு வகை. சார்ஜ் தீர்ந்து சட்டென அணைந்திருக்கிறது. மறுபடி போட்டால் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள், கடைசி வரியில் அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' (initramfs), அதாவது பூட் பாதியிலேயே நின்றுவிட்டது. இறுதியாண்டு ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள். பயந்துபோய் கடைக்கு ஓடியிருக்கிறாள்.

"ஹார்டு டிஸ்க் அவுட்டும்மா. புது எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் ஏத்தித் தரேன், லினக்ஸெல்லாம் உனக்கு எதுக்கு?"

"அண்ணா, ப்ராஜெக்ட் ஃபைல் மட்டுமாவது எடுக்க முடியுமா?"

"ஒண்ணும் வராதும்மா."

4,500 ரூபாய். பில் என்று கொடுத்தது விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவால் எழுதிய தொகை, அவ்வளவுதான். பழைய டிஸ்க்கைக் கேட்டதற்கு "அது ஸ்கிராப்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் நேரில் போய் விடாப்பிடியாக நின்ற பிறகுதான் மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

வீட்டில் யூஎஸ்பி கேஸில் மாட்டி, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) ஓட்டினேன். மொத்த நிலை 'பாஸ்டு'. ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடம்) 0, பெண்டிங் செக்டர் (படிக்கத் திணறும் இடம்) 0. பிறகு ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே (fsck) ஓட்டினேன். சில பிழைகளைச் சரிசெய்து முடித்தது. மவுண்ட் செய்து டிஸ்க்கைத் திறந்தால் ப்ராஜெக்ட் ஃபோல்டர் அப்படியே இருக்கிறது! செத்ததாகச் சொன்ன டிஸ்க் இது.

நடந்தது என்னவென்றால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று ஃபைல் சிஸ்டம் வைத்திருக்கும் கணக்கு குழம்பும். சின்னக் குழப்பத்தை உபுண்டு பூட் ஆகும்போதே சரிசெய்துகொள்ளும். தானாகத் திருத்தினால் ஆபத்து என்று நினைத்தால் மட்டும் நின்றுவிடும், 'எஃப்எஸ்சிகேவை நீங்களே ஓட்டுங்கள்' என்று சொல்லும். டிஸ்க்கின் எந்தப் பகுதி (பார்ட்டிஷன்) என்பதும் அதே திரையில் இருக்கும். தெரியாவிட்டால் 'எக்ஸிட்' என்று அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் காட்டும். எஃப்எஸ்சிகே, பார்ட்டிஷன் பெயர், மைனஸ் ஒய் (எல்லாத் திருத்தத்துக்கும் 'சரி') என்று ஒரே வரியில் அடியுங்கள், பிறகு ரீபூட். அந்தக் கடையில் யாரும் திரையைப் படிக்கக்கூட இல்லை.

ஆனால் டிஸ்க்கில் டக் டக்கென்று சத்தம் வந்தாலோ, பெண்டிங் செக்டர் ஏறிக்கொண்டே போனாலோ எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள். லைவ் யூஎஸ்பியிலிருந்து (லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ்) பூட் செய்து, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) வைத்து முதலில் நகல் எடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் ஏற்றிய விண்டோஸ் கிராக் போட்டது, அதாவது லைசன்ஸ் இல்லாதது. விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலைத் திறந்தால் சி டிரைவ் முழுவதும் அதில்! வைரஸ் வந்தாலும் அந்த டிரைவை அது பார்க்காது. இதே லேப்டாப்பில்தான் அவள் வங்கிக் கணக்கைத் திறப்பாள். எனக்குக் காசு போனதைவிட இதுதான் கொதிப்பு.

லேப்டாப்பைக் கொடுக்குமுன் "என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது, கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். டிஸ்க் போச்சு என்றால் ஸ்மார்ட் ரிப்போர்ட்டை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அந்தக் கார்டும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டும் கையில் இருக்கின்றன. இதே கடையில் இப்படி டிஸ்க் மாற்றியவர்கள் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வையுங்கள், சோதித்துப் பார்க்க நான் உதவுகிறேன்.