நான்கு வருட மாடித்தோட்டம்: கீரை காப்பாற்றியது, தக்காளி கவிழ்த்தது

"மாடியில் தோட்டம் போட்டால் மாதம் எவ்வளவு மிச்சமாகும் சார்?" என்று அலுவலக நண்பர் போன வாரம் போனில் கேட்டார். நான் அப்போது கோணி ஊசியும் சணலுமாகக் கிழிந்த செடிப் பை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். வாயில் நல்ல பதில் வருமா?

பையில் மண்ணுக்குப் பதில் நிரப்பும் தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், பூச்சிக்குத் தெளிக்கும் வேப்பெண்ணெய் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். அரசு மானிய விலையில் 225 ரூபாய்க்குக் கொடுத்த மாடித்தோட்டத் தொகுப்பில் ஆரம்பித்தேன். ஆறு பை, கூடவே விதை, உரம். அந்தக் காசுக்கு அதைக் குறை சொல்வது பாவம். ஆசை மிஞ்சி வெளிக்கடையில் இன்னும் இருபது பை வாங்கினேன். மூன்றாவது கோடையில் அவற்றில் வெயில் படுகிற பக்கமெல்லாம் அப்பளமாக நொறுங்கியது. தூக்கினால் கைப்பிடி மட்டும் கையோடு வருகிறது.

பையைக்கூட மன்னித்துவிடுவேன். தக்காளியை மன்னிக்க முடியவில்லை.

தை மாதம் என் செடிகள் குலைகுலையாகக் காய்க்கும். அதே தையில் தெருவில் வண்டிக்காரர் கிலோ இருபது என்று கூவிக்கொண்டு போவார். ஊரெல்லாம் காய்க்கிற பருவத்தில்தான் என் மாடியிலும் காய்க்கிறது. 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது நினைவிருக்கும். அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அப்போது என் எட்டுப் பையிலும் பூ இருந்தது, காய் இல்லை. இரவிலும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ காம்போடு உதிர்ந்துவிடுகிறது. காலையில் பெருக்கினால் ஒரு முறம் மஞ்சள் பூ. பெருக்கி முடித்துவிட்டு நானும் துணிப்பையோடு ரேஷன் கடை வரிசையில் போய் நின்றேன். அந்தக் கோடை முழுக்க லாரித் தண்ணீர் வேறு. பூ உதிர்வதற்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அரைக்கீரையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. நான்கே பை. அறுக்க அறுக்கத் துளிர்க்கிறது. உலை வைத்துவிட்டு மாடிக்குப் போய் அறுத்து வரலாம். தண்டு விரலில் ஒடியும் சத்தம் கடைக்கீரையில் கேட்காது. வாரம் மூன்று கட்டு, கட்டு இருபது ரூபாய் என்றால் மாதம் 240. முன்பு கொசுறாக வந்த கறிவேப்பிலையையும் இப்போது காசு கொடுத்துதான் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவும் எங்களுக்கு இல்லை.

மனைவி நோட்டில் எழுதிவைத்திருக்கிறார்: இதுவரை போட்டது 11,400. கீரை, கறிவேப்பிலை, கொஞ்சம் கத்தரி எல்லாம் சேர்ந்து அதை ஒருவழியாக எட்டிப் பிடித்துவிட்டன. மாடிப்படி ஏறி இறங்கிய கூலியை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

நண்பரிடம், "மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டால் வேண்டாம். போட்டே தீருவேன் என்றால் கீரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்றேன்.

"அப்படியென்றால் இப்போது தைக்கிற பையில் என்ன வைக்கப் போகிறீர்கள்?" என்றார்.

தக்காளிதான். ஆறு நாற்று வாங்கி வைத்திருக்கிறேன்.