வேதாகம ஆப் நல்லதுதான், தினவசனத்தை அணைத்து வைத்தால்

வேதாகம ஆப் ஒன்றை வெகுநாளாகப் போனில் வைத்திருக்கிறேன். பெயர் சொல்லவில்லை, சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க இறக்கிய மற்றவையும் ஏறக்குறைய இதே அச்சுதான்: காலையில் ஒரு தினவசனம், தலைப்பு வாரியாக வசனப் பட்டியல், வாசிப்புத் திட்டங்கள், ஒலி வேதாகமம், தேடல், குறிப்பெழுத ஓர் இடம். எழுத்துரு அளவு, இருட்டுப் பின்னணி, வேகம் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, அதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போகிற, வரி கட்டுகிற, ஓட்டுப் போடுகிற, குழுவில் வந்து விழும் ஃபார்வேர்டை அடுத்தவருக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற ஒரு விசுவாசிக்கு இந்த ஆப் எதற்கு உதவுகிறது என்பதுதான் என் கேள்வி.

தினவசனத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம். சூரிய உதயப் படத்தின் மேல் எரேமியா 29:11 எத்தனை தடவை வந்திருக்கும் என்று கணக்கே இல்லை. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." ஆறுதலான வசனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, கி.மு. 597-க்குப் பின் எரேமியா அனுப்பிய கடிதம். அதில் நாலு வசனம் மேலே போனால், உங்களைச் சிறைபிடித்து வைத்திருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்று இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், எழுபது வருஷம் ஆகும். அதாவது அந்த வாக்குத்தத்தம், எதிரியின் ஊரில் உட்கார்ந்து அந்த ஊர் நன்றாக இருக்கப் பாடுபடச் சொல்லப்பட்டவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. 29:7 தினவசனமாக வந்து நான் பார்த்ததில்லை. சூரிய உதயத்துக்கு அது பொருந்தாதோ என்னவோ.

அடுத்தது தலைப்புப் பட்டியல். ஆப்பின் பலவீனம் அப்பட்டமாகத் தெரிவது இங்கேதான். என் நண்பர் ஒருவர் கணக்குப் பிரிவில் இருக்கிறார். மாதக் கடைசியில் ஒரு பில்லில் தேதியை முன்னதாகப் போட்டு ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள், அவருக்கு மனம் ஒப்பவில்லை, என்ன செய்வது என்று கேட்டார். இருவரும் "வேலை" என்ற தலைப்பைத் திறந்து பார்த்தோம். மேலே நின்றது கொலோசெயர் 3:23, எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள். நண்பர் சிரித்துவிட்டார், அப்படியென்றால் தேதியை மனப்பூர்வமாய் மாற்றிப் போட்டுவிடலாமா என்று.

அந்தப் பகுதியைத் திறந்து முழுக்க வாசித்தால் கதையே வேறு. அதை எழுதிய அப்போஸ்தலன் பவுல் வேலைக்காரரிடம் பேசி முடித்த கையோடு எஜமான்களிடம் திரும்புகிறார்: உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார், வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள். ஆனால் அந்த வசனம் 4:1. அதிகாரம் மாறிவிட்டதால் பட்டியலில் அது விழுவதில்லை. பவுல் அதிகாரம் பிரித்து எழுதவில்லை. இன்றைய அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் செய்ததாகச் சொல்வார்கள், புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகர் பாரிஸைவிட்டு ஜெனீவாவுக்கு வந்த காலத்து அச்சுப் பதிப்பில் வந்தவை. தேடுவதற்கு அவை பெரிய வசதி, அவை இல்லாமல் இந்த ஆப்பே இல்லை. ஆனால் அந்த எண்களையே கத்திரிக்கோலாக வைத்து நறுக்கினால் தொழிலாளிக்குச் சொன்னது மட்டும் கையில் இருக்கும், முதலாளிக்குச் சொன்னது கீழே விழுந்துவிடும்.

"அரசாங்கம்" தலைப்பிலும் இதே கோளாறுதான், விளைவு இன்னும் மோசம். ரோமர் 13:1, தீத்து 3:1, 1 பேதுரு 2:13 என்று வரிசையாக எல்லாம் கீழ்ப்படியுங்கள். அதோடு முடிந்தது. ரோமர் 13-க்கு முந்தின வரி, தீமையை நன்மையினாலே வெல்லு என்பது. ஏழு வசனம் அதிகாரிகளைப் பற்றி, வரி செலுத்துவதைப் பற்றிச் சொல்லிவிட்டு 13:8-இல் மறுபடி அன்புக்கே வந்துவிடுகிறார். இதை எழுதிய அதே பவுல் பிலிப்பியில் என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் 16-இல் இருக்கிறது. விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள், மறுநாள் காலையில் சத்தமில்லாமல் போய்விடு என்றார்கள். அவர் போகவில்லை. நாங்கள் ரோமர், எங்களை வெளியரங்கமாய் அடித்தீர்கள், இப்போது இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்று நின்றார். வந்தார்கள். குடியுரிமையைச் சட்டப்படி கேட்டு வாங்குகிற ஒரு மனிதர் அவர், பிறகு ரோமப் பேரரசனான இராயனுக்கே அப்பீல் செய்தவர். பார்வோன் சொன்னபடி ஆண் குழந்தைகளைக் கொல்லாத சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகளும், நாபோத்தைக் கொன்று பறித்த திராட்சத்தோட்டத்துக்காக ஆகாப் ராஜாவின் முகத்துக்கு நேரே பேசிய எலியாவும் அந்தத் தலைப்பின் கீழ் வரவேண்டியவர்கள்தானே? பட்டியல் போட்டவர் யார் பக்கம் என்று சந்தேகம் வந்துவிடுகிறது. வேண்டுமென்றே செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை, "கீழ்ப்படி" என்று ஒற்றை வரியில் நிற்கிற வசனத்தை எடுப்பது சுலபம், கதையை எடுப்பது கஷ்டம், அவ்வளவுதான்.

வாசிப்புத் திட்டங்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தலைமைத்துவம் என்றால் நெகேமியா, ஐம்பத்திரண்டு நாளில் எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டினார், நாமும் இலக்கு வைத்து உழைப்போம். ஐந்தாம் அதிகாரத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அங்கேதான் ஜனங்கள் தானியம் வாங்கவும் ராஜாவுக்கு வரி கட்டவும் நிலத்தை அடமானம் வைத்துக் கதறுகிறார்கள், வட்டி வாங்கிய பிரபுக்களை நெகேமியா சபை கூட்டிக் கேட்கிறார், வயலைத் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். தானும் பன்னிரண்டு வருஷம் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை என்கிறார், அவருடைய பந்தியில் நூற்றைம்பது பேர் சாப்பிட்டும்கூட. ஆபீசில் பதவியில் இருக்கிறவர் வாசிக்க வேண்டிய அதிகாரம் இதுதான் என்று எனக்குப் படுகிறது, அலங்கம் அப்புறம்.

குறையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், சரி, நல்லதையும் சொல்கிறேன். தேடல் அருமை, கொஞ்சம் பழக வேண்டும். "சம்பளம்" என்று போட்டால் பாவத்தின் சம்பளம் மரணம் வந்து நிற்கும். "கூலி" என்று போட்டால் யாக்கோபு 5:4 கிடைக்கும், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று. லேவியராகமம் 19:13-ம் கிடைக்கும், கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது. அங்கிருந்து அந்த அதிகாரத்தை முழுக்க வாசித்ததுதான் இந்த ஆப்பால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். "பிறனிலும் அன்புகூரு" என்பது 18-ஆம் வசனம், எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முன்னால் அறுவடையில் ஓரத்தை ஏழைக்கு விடு, செவிடனை நிந்திக்காதே, நியாயத்தில் ஏழைக்கும் பெரியவனுக்கும் முகதாட்சணியம் பார்க்காதே, கோள் சொல்லித் திரியாதே. ஃபார்வேர்டு பற்றிய கேள்விக்குப் பதில் அந்தக் கடைசி வரியிலேயே இருக்கிறது, பொய்ச்செய்தியைப் பரப்பாதே என்கிற யாத்திராகமம் 23:1-ஐயும் சேர்த்து வாசித்தால் தப்பிக்கவே முடியாது. கொஞ்சம் கீழே 34-இல் அந்நியனிடமும் அதே அன்பைக் காட்டச் சொல்லிவிட்டு, உடனே அளவுகோலும் தராசும் சரியாக இருக்கட்டும் என்கிறது. என் நண்பரின் பில்லுக்கு வேண்டியது இதுதான். அவர் மேலதிகாரியிடம் போய், சரியான தேதியிலேயே ஏற்றுகிறேன், தாமதத்துக்குக் காரணத்தை எழுதித் தருகிறேன் என்றார். முகம் சுளித்தார்களாம், ஏற்றுக்கொண்டார்கள்.

ஒலி வேதாகமமும் உருப்படியான விஷயம். ஆமோஸ் ஒன்பதே அதிகாரம், ஒரே பயணத்தில் கேட்டு முடித்துவிடலாம், கேட்கும்போது நடுவில் நறுக்க முடியாது என்பது கூடுதல் வசதி. தொடர்ச்சியாக வாசித்த நாட்களுக்குப் பதக்கம் கொடுக்கிறார்களே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள் ஐயா, தன் பக்தியைத் தானே மெச்சிக்கொண்ட பரிசேயனும், தன்னைப் பாவி என்ற ஆயக்காரனும் (வரி வசூலிப்பவன்) ஜெபித்த கதை அதே ஆப்பில்தான் இருக்கிறது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறேன். தினவசனத்தைத் தட்டினால் அந்த ஒரு வரி திறக்காமல் முழுப் பகுதியும் திறக்க வேண்டும், தலைப்புப் பட்டியலில் கதைகளையும் சேர்க்க வேண்டும் என்று கருத்துப் பெட்டியில் எழுதியிருக்கிறேன், இதைச் செய்தால் நாலரை. அதுவரை இதை இறக்குகிறவர்கள் அமைப்புகளுக்குள் போய் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, லூக்கா 3-ஐத் திறந்து பத்தாம் வசனத்திலிருந்து ஆரம்பியுங்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஆயக்காரரும் போர்ச்சேவகரும் யோவான் ஸ்நானனிடம் கேட்கிறார்கள், அவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையை வைத்தே பதில் சொல்கிறார்.