ரேஸ் இறங்காத ஆர்எக்ஸ் 100: பழி மட்டும் கார்புரேட்டருக்கு

யமஹாவின் பழைய இரண்டு ஸ்ட்ரோக் பைக்கான ஆர்எக்ஸ் 100 ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கும் இளைய நண்பர் ஒருவர், "வண்டி சூடானா ரேஸ் உடனே இறங்க மாட்டேங்குது அண்ணா, கார்புரேட்டர் டியூன் பண்ணினா போதும்னு விக்கிறவர் சொல்றார்" என்று எழுதிக் கேட்டிருந்தார். ரேஸ் என்றால் இஞ்சின் சுழலும் வேகம்; கார்புரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் உறுப்பு. இதே கோளாறுக்காக என் வண்டியின் இஞ்சினைப் பிரித்து வேலை பார்த்து அண்மையில்தான் முடித்தேன் என்பதால், அவருக்கான பதிலைச் சற்று விரிவாகவே எழுதிவிடுகிறேன். 1985 முதல் 1996 வரை வந்த இந்த 98 சிசி வண்டியின் இழுவையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரைத் திருகியவுடன் கைக்குக் கிடைக்கும் அந்த இழுப்புக்காக மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் பல ஆண்டுகளாக நினைத்து வந்தேன். பொறுமையைச் சோதித்தது இந்த ஒரு கோளாறுதான்.

காலையில் உதைத்தவுடன் இஞ்சின் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமலே, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். கோவை உக்கடம் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு ஆக்சிலேட்டரை விட்டால், ரேஸ் இறங்காமல் மேலேயே நின்று, நாலைந்து நொடி கழித்துத்தான் மனமில்லாமல் கீழே வரும். சில நேரம் சிக்னலில் நிற்கும்போதே தானாக ஏறவும் செய்யும். அந்த நேரத்தில், கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை லேசாகத் தூக்கிப் பார்த்தால் ரேஸ் உடனே தணிந்துவிடும். கூடுதலாகப் பெட்ரோல் கிடைத்தவுடன் இஞ்சின் அடங்குகிறது என்றால், கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். ஆனால் நான் போன பட்டறைகளில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. வண்டி உள்ளே நுழையும்போதே திருப்புளி கார்புரேட்டர் மீது போய்விடும். ஸ்லோ ஸ்பீடு திருகைத் தளர்த்தி ரேஸைக் குறைத்துக் கொடுப்பார்கள். மறுநாள் காலைக் குளிரில் இஞ்சின் ஐடிலிங்கில் நிற்காமல் அணைந்துவிடும்.

இந்தக் கார்புரேட்டரைப் போல வெளிப்படையான பொருள் வண்டியில் வேறெதுவும் இல்லை என்பதால்தான் அதன் மீது விழும் பழி எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும் நிலையிலிருந்து ஏறத்தாழ கால் பங்கு திறக்கும் வரை ஸ்லோ ஜெட்டும் (பெட்ரோல் வரும் சிறு துளை) ஏர் ஸ்க்ரூவும் (காற்றை அளக்கும் திருகு) ஸ்லைடின் (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் அடைப்பு) வெட்டும் பேசுகின்றன; கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடில் என்ற ஊசி; அதற்கு மேல் பெரிய துளையான மெயின் ஜெட். கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டி இந்த அளவுகளைக் குறித்துக்கொண்டு ஓட்டினால், கோளாறு எந்த இடத்தில் வருகிறதோ அந்த உறுப்பை மட்டும் தொட்டால் போதும். நீடிலின் லாக்கை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறிக் கலவையில் பெட்ரோல் கூடும். ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோலின் பங்கு கூடும். பல நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் இஞ்சின் பக்கம் இருக்கும் திருகு நேர்மாறாக வேலை செய்யும் என்பதால், அதில் பழகிய கைகள் இங்கே தலைகீழாகத் திருகிவிடுகின்றன. ஏர் ஸ்க்ரூவுக்கு ஒன்றரைச் சுற்று என்று வாய்ப்பாடு போலச் சொல்வார்கள். அது தொடங்கும் இடம்தான், முடியும் இடம் இஞ்சினைக் கேட்டுத்தான் தெரியும். என் வண்டியில் இரண்டரைச் சுற்றிலும் அரைச் சுற்றிலும் ஒரே சத்தம்தான் வந்தது. திருகுக்குக் கட்டுப்படாத காற்று வேறெங்கிருந்தோ உள்ளே போகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினில் பெட்ரோல் கலவை முதலில், பிஸ்டனால் சுழலும் கிராங்க் தண்டு இருக்கும் அடியறையான கிராங்க் கேஸுக்குள் இறங்கி, அங்கே அழுத்தப்பட்டு, பிறகே சிலிண்டருக்குள் ஏறுகிறது. ஆகவே கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள் எண்ணெயைத் தடுப்பதோடு காற்றையும் தடுக்க வேண்டும். வலப்பக்கம், கிளட்ச் பக்கத்து சீல் போனால் இஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சிக் கட்டுக்கட்டாக வெண்புகை விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இடப்பக்கம், மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டின் பக்கத்து சீல் போனால் புகையும் இல்லை, ஒழுக்கும் இல்லை. வெறும் காற்று மட்டும் உள்ளே போகும், பிளக்கின் முனை காப்பி நிறத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். முதலில் கார்புரேட்டரை இஞ்சினோடு இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டைச் சந்தேகித்து, ஓடும் இஞ்சினில் அதன் விளிம்பில் ஸ்பிரே அடித்துப் பார்த்தேன், ரேஸில் மாற்றமில்லை. பிறகு வேறொரு மெக்கானிக்கின் உதவியோடு சைலன்சர் வாயையும் மேனிஃபோல்டையும் அடைத்து, சைக்கிள் பம்பால் சுமார் 6 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்றை ஏற்றியதும், மேக்னட்டுக்குப் பின்னால் பூசியிருந்த சோப்புத் தண்ணீர் சிறு குமிழ்களாகப் பொங்கியது. சீலின் விலை சொற்பம்தான். ஆனால் கிராங்க் பேரிங் ஆட்டம் கண்டிருந்ததால்தான் சீலின் உதடு தேய்ந்திருக்கிறது. பேரிங்கை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும் என்பதால் கிராங்க் கேஸையே பிரிக்க வேண்டியதாயிற்று.

பெட்ரோலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்று பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், எத்தனால் இல்லாத காலத்து அளவில் துளையிட்ட ஜெட்டுகள் கலவையை மெலிதாக்கிவிடுகின்றன. ரேஸ் இறங்காததற்கு அது காரணமில்லை, ஏற்கெனவே காற்று ஒழுகும் இஞ்சினில் நிலைமையை அது மோசமாக்கியது என்பதோடு நிறுத்திக்கொள்வதே நியாயம். சீல் மாற்றிய பிறகு மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டியதும் பிளக்கின் நிறம் திரும்பியது. இதன் விலையை மேட்டுப்பாளையம் தாண்டியதும் கொடுக்க வேண்டியிருக்கிறது. சமவெளிக்காகச் சரிசெய்த கலவை, 2,200 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டியின் மெல்லிய காற்றில் பெட்ரோல் மிகுந்துபோய், வண்டி இருமிக்கொண்டே ஏறுகிறது. இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடியே வைத்திருந்தால், அதைத் திறக்கும் அளவைப் பொறுத்தே வரும் ஆயிலும் இஞ்சினுக்குப் போதாது என்பதால் அவ்வப்போது சற்றுத் திறந்து கொடுக்க வேண்டும்.

பழைய அசல் கார்புரேட்டரை நான் மாற்றவே இல்லை. இடையில் ஒரு கடையில் அசல் என்று சொல்லித் தந்த புதியதில் நீடில் நுழையும் ஜெட்டின் துளை கண்ணுக்கே பெரிதாகத் தெரிந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் பில் கேட்டார்கள், பில் தரும் வழக்கம் அந்தக் கடையில் கிடையாது.

இப்போது ஆக்சிலேட்டரை விட்ட மறுகணம் ரேஸ் விழுந்து, விட்டுவிட்டு அடிக்கும் அந்தப் பழைய ஐடிலிங் சத்தம் வந்துவிடுகிறது; இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு மகிழ்ச்சி தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆனாலும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். இன்று கேட்கும் விலைக்கு மேல் கிராங்க் வேலையையும் சேர்த்தால் கணக்கு எந்த விதத்திலும் கட்டுப்படியாகாது, கிராங்க் வரை திறந்து பார்க்காமல் இந்த வண்டிகளை யாரும் நம்பவும் முடியாது. அப்படியும் ஆசை விடவில்லை என்றால், அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, சோக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சீல் போயிருந்தால் கிராங்க் வேலைக்கான தொகையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். வேண்டாமென்று முடிவு செய்தால் விற்பவரின் எண்ணை எனக்கு அனுப்பி வையுங்கள். அதில் இருப்பது அசல் கார்புரேட்டராக இருந்தால் நான் போய்ப் பார்க்கிறேன்.