வேலை முடிந்தது, பணம் யார் தருவார்? நைஜீரியக் கட்டுமானத்தில் மூன்று வகை சப் கான்ட்ராக்ட்

லாகோஸில் ஒரு பத்து மாடிக் கட்டடம் எழும்பினால், அதில் மெயின் கான்ட்ராக்டரின் சொந்த ஆட்கள் செய்வது கொஞ்சம்தான். பைலிங் (அடித்தளத் தூண் இறக்குவது) ஒருவர், கம்பி கட்டுவது ஒருவர், லிஃப்ட் ஒருவர், ஏசி ஒருவர், டைல்ஸ் ஒட்டுவது இன்னொருவர். இவர்களை சைட்டுக்குள் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு. மெயின் கான்ட்ராக்டரே தேடிப் பிடிக்கும் சப் கான்ட்ராக்டர் ஒரு வகை. கட்டட உரிமையாளரோ அவருடைய கன்சல்டன்டோ பெயர் சொல்லி நியமிப்பவர் இரண்டாம் வகை. பொருளை எல்லாம் மெயின் கான்ட்ராக்டர் கொடுக்க, ஆள் கூலியை மட்டும் பேசிக்கொள்ளும் லேபர் கான்ட்ராக்ட் மூன்றாவது.

லாகோஸில் நான்கு ஆண்டுகள் குவான்டிட்டி சர்வேயராக, அதாவது கட்டுமான வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவராக இருந்தேன். மூன்று வகையிலும் பில் போட்டிருக்கிறேன், பில் வெட்டியும் இருக்கிறேன். லாகோஸின் லெக்கியில் டாங்கோட்டே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கட்டப்பட்டபோது அதன் பொறியியல் ஆலோசனை நம் எஞ்சினியர்ஸ் இந்தியா நிறுவனத்திடம் இருந்தது. ஆயிரக்கணக்கான இந்தியர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். இன்றும் சிறு ஒப்பந்த வேலைக்காக நைஜீரியா போக நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ரேட் என்ன என்றுதான். ரேட்டை விடப் பெரிய கேள்வி, பணம் எந்த வழியாக உங்களிடம் வந்து சேரும் என்பது.

இங்கிலாந்தின் சட்டம், ஆனால் பாதிதான்

நைஜீரியாவின் ஒப்பந்தச் சட்டம் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்திலிருந்து வந்தது. அதன் அடிப்படை விதி ஒன்று: ஓர் ஒப்பந்தத்தில் யார் யார் சேர்ந்தார்களோ அவர்களுக்குள்தான் உரிமையும் கடமையும். 2001ல் மாக்வே எதிர் நுவுகோர் வழக்கில் நைஜீரிய உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. சப் கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டது மெயின் கான்ட்ராக்டரோடு. அதனால் கட்டட உரிமையாளர் கண்ணெதிரே பென்ஸ் காரில் போனாலும் அவரிடம் நேராகப் போய்ப் பணம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

இங்கிலாந்தில் 1996ல் ஒரு கட்டுமானச் சட்டம் வந்தது. "எனக்குப் பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன்" என்று மெயின் கான்ட்ராக்டர் எழுதும் ஷரத்து அதன்படி செல்லாது. உரிமையாளர் திவாலான நிலை மட்டும்தான் விதிவிலக்கு. தகராறு வந்தால் வாரக்கணக்கில் தீர்ப்புச் சொல்லும் ஒரு நடைமுறையையும் அந்தச் சட்டம் கொண்டுவந்தது. நைஜீரியாவில் இதற்கு இணையாக எதுவும் வரவில்லை. பழைய விதி அப்படியே இருக்கிறது, அதன் காயத்துக்கு மருந்தாக வந்த சட்டம் இல்லை. ஆகவே சப் கான்ட்ராக்டருக்குப் பாதுகாப்பு என்று ஒன்று இருந்தால், அது அவர் கையெழுத்திடும் காகிதத்தில்தான் இருக்கிறது.

மெயின் கான்ட்ராக்டர் தேர்ந்தெடுக்கும் சப் கான்ட்ராக்டர்

மூன்றில் அதிகம் காணப்படுவது இதுதான். சர்வதேசக் கட்டுமான ஒப்பந்த மாதிரியான ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தின் 1999 பதிப்பு நைஜீரியாவின் பெரிய வேலைகளில் பரவலாக ஓடுகிறது. அதன்படி மொத்த வேலையையும் வேறொருவருக்குக் கைமாற்றிவிட முடியாது. ஒப்பந்தத்திலேயே பெயர் குறிக்கப்படாத சப் கான்ட்ராக்டருக்கு எஞ்சினியரின் (உரிமையாளர் சார்பில் வேலையைக் கவனிப்பவர்) முன்அனுமதி வேண்டும். சப் கான்ட்ராக்டர் செய்யும் தப்புக்கெல்லாம் மெயின் கான்ட்ராக்டர் தன் தப்பைப் போலவே பதில் சொல்ல வேண்டும்.

உரிமையாளருக்கு இது நிம்மதி. எது நடந்தாலும் ஒரே ஆளைப் பிடித்தால் போதும். மெயின் கான்ட்ராக்டருக்கும் கட்டுப்பாடு கையில் இருக்கிறது. சப் கான்ட்ராக்டருக்குத்தான் கஷ்டம். அவருக்கு நீட்டப்படும் காகிதத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் முக்கியமாக இருக்கும்: மெயின் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். அந்த மெயின் ஒப்பந்தத்தை அவருக்குக் காட்டவே மாட்டார்கள். கூடுதல் பணமோ கூடுதல் நாளோ வேண்டுமென்றால் 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். சப் கான்ட்ராக்டருக்கு அது தெரியவரும்போது 2 மாதம் ஓடியிருக்கும்.

ரிடென்ஷன் இன்னொரு புண். பில்லில் 5 சதவீதம் பிடித்துவைத்து, பாதியைக் கட்டடம் முடிந்ததும், மீதியைக் குறை திருத்தும் காலம் கழிந்ததும் விடுவிப்பது வழக்கம். பைலிங்காரர் முதல் 3 மாதத்திலேயே வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பார். "கட்டடம் முடிந்ததும்" என்று எழுதியிருந்தால் கூரை போட்டு, பெயின்ட் அடித்து, லிஃப்ட் ஓடும்வரை அவர் பணம் அங்கேயே கிடக்கும். 2024 டிசம்பரில் நைஜீரியாவின் பணவீக்கம் 34 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 3 ஆண்டு கழித்து வரும் ரிடென்ஷனில் என்ன மிஞ்சும்? "என் வேலை முடிந்த நாளிலிருந்து" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். பைலிங், வாட்டர்ப்ரூஃபிங் மாதிரி முன்னாலேயே முடிகிற வேலைகளுக்கு இந்த ஒரு வார்த்தை மாற்றம் லாபத்தையே காப்பாற்றும்.

அப்புறம் நாணயம். 2023 ஜூனில் மத்திய வங்கி பல மாற்று விகிதங்களை ஒன்றாக்கியபோது, டாலருக்கு 470 நைரா என்று இருந்தது ஒரே நாளில் 600ஐத் தாண்டியது. 2024 தொடக்கத்தில் 1,500ஐயும் கடந்தது. அப்போது எங்கள் சைட்டில் ஏசி டக்ட் (காற்றுக் குழாய்) வேலை எடுத்திருந்தவர் லாகோஸ்காரர், நடுத்தர வயது. எல்லாரும் அவரை 'ஓகா' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். ஷீட்டும் இன்சுலேஷனும் இறக்குமதி. ஒப்பந்தம் நைராவில், விலை மாற்ற ஷரத்து இல்லாமல். மெயின் ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து இருந்தது. உரிமையாளரிடமிருந்து ஏற்ற விலையைக் கேட்டு வாங்கும் பில்லை நானே தயாரித்தேன். அதில் ஏசி பகுதிக்குக் கிடைத்த பணம் ஓகாவின் கைக்கு ஒரு நைராகூடப் போகவில்லை. "உங்கள் காகிதத்தில் இல்லையே" என்றார்கள். சட்டப்படி அது சரி. ஓகா லாரியை விற்றுத்தான் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தார். நான் அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

அரசு வேலை என்றால் பணம் பத்திரம் என்று நினைப்பவர்களும் உண்டு. 2007ம் ஆண்டின் பொதுக் கொள்முதல் சட்டம், பில் கொடுத்து 60 நாளுக்கு மேல் பணம் வராவிட்டால் அதைத் தாமதம் என்று கணக்கிட்டு வட்டிக்கு வழி வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது அரசுக்கும் மெயின் கான்ட்ராக்டருக்கும் நடுவில். உங்கள் காகிதத்திலும் அதே 60 நாளும் அதே வட்டியும் எழுதப்படாவிட்டால், வட்டி வந்தாலும் உங்களுக்கு வராது. மெயின் கான்ட்ராக்டருக்கே வருவது நிச்சயமில்லை: 2025ல் அபுஜாவில் நிதி அமைச்சகத்தின் முன்னால் உள்நாட்டு ஒப்பந்தக்காரர்கள் நிலுவைக்காகப் போராட வேண்டியிருந்தது.

பெயர் சொல்லி நியமிக்கப்படுபவர்

லிஃப்ட், மின்சாரம், ஏசி, தீயணைப்பு வேலைகளில் இந்த வகை நைஜீரியாவில் இன்னும் நிறைய நடக்கிறது. இங்கிலாந்தின் கட்டுமான ஒப்பந்த மாதிரிகளான ஜேசிடி படிவங்கள் 2005லேயே இதைக் கைவிட்டுவிட்டன. அவர்கள் கைவிட்டதற்குக் காரணம் உண்டு: நியமிக்கப்பட்டவர் நடுவில் ஓடிப்போனால் பொறுப்பு யாருடையது என்ற சிக்கல். 1970ல் பிக்கர்டன் வழக்கில், வேறொருவரை நியமிக்க வேண்டியது உரிமையாளரின் கடமை என்று தீர்ப்பானது. மெயின் கான்ட்ராக்டர் தானே அந்த வேலையைச் செய்து முடிக்கக் கடமைப்பட்டவர் அல்ல. இத்தகைய ஆங்கிலத் தீர்ப்புகள் நைஜீரிய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் மதிப்போடு எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே உரிமையாளர் பக்கம் இருப்பவர்கள் விரும்பிய ஆளை நியமிக்கும் அதிகாரத்தோடு அந்தத் தலைவலியும் தங்களுடையது என்று தெரிந்துகொள்வது நல்லது. மெயின் கான்ட்ராக்டரும் வாயை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. அந்த ஆளுக்குத் திறமையோ பண பலமோ போதாது என்று பட்டால், ஃபிடிக் படி காரணத்தோடு மறுக்கலாம்.

சப் கான்ட்ராக்டருக்கு மூன்றிலும் சிறந்தது இதுதான் என்பது என் கருத்து. ஃபிடிக் 5.4ம் ஷரத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. முந்தைய பணச் சர்டிஃபிகேட்டில் சேர்ந்த பணத்தை நியமிக்கப்பட்டவருக்குக் கொடுத்ததற்கு ஆதாரம் காட்டு என்று எஞ்சினியர் மெயின் கான்ட்ராக்டரிடம் கேட்கலாம். காட்டாவிட்டால், நியாயமான காரணமும் சொல்லாவிட்டால், உரிமையாளர் நேரடியாகவே பணம் கொடுத்துவிட்டு அதை மெயின் கான்ட்ராக்டர் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கவனியுங்கள், கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. அதுவும் உரிமையாளருக்கும் மெயின் கான்ட்ராக்டருக்கும் இடையேயான ஒப்பந்தத்தில். நீங்கள் அதை வைத்து வழக்குப் போட முடியாது. எனவே நியமனக் கடிதம் வாங்கும்போதே உரிமையாளரோடு தனியாக ஒரு சிறு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். என் வடிவமைப்புக்கும் தரத்துக்கும் உங்களுக்கு நேரடியாக நான் பொறுப்பு, பதிலுக்கு மெயின் கான்ட்ராக்டர் தராத பணத்தை நீங்கள் நேரடியாகத் தர வேண்டும் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். உரிமையாளருக்கு உங்கள் வேலை தேவையாக இருக்கும் அந்த ஒரு வாரத்தில்தான் இதற்குக் கையெழுத்து கிடைக்கும். வேலை தொடங்கிய பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

லேபர் கான்ட்ராக்ட்

மேஸ்திரி ஒருவர், அவருக்குக் கீழே 20 பேர். கொத்து வேலைக்குச் சதுர மீட்டருக்கு இவ்வளவு, கம்பிக்கு டன்னுக்கு இவ்வளவு. லாகோஸ் சைட்டுகளில் பெனின், டோகோ நாடுகளிலிருந்து வரும் டைல்ஸ்காரர்களும் கொத்தனார்களும் நிறைய. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் நாட்டவர் என்பதால் விசா இல்லாமலே வரலாம். வாய்ப்பேச்சிலேயே வேலை தொடங்கிவிடும்.

மெயின் கான்ட்ராக்டருக்கு இது மலிவாகத் தெரிகிறது. எனக்கு அது மலிவாகப் படவில்லை. மேஸ்திரிக்குப் பதிவு பெற்ற நிறுவனம் கிடையாது. 2010ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளி சம்பளப் பட்டியலில் 1 சதவீதத்தைச் சமூகக் காப்பீட்டு நிதியத்தில் கட்ட வேண்டும். 15 பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தால் 2014ம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி முதலாளி 10 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமும். மேஸ்திரி எதையும் கட்டியிருக்க மாட்டார். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் கேள்வி எழும்: இவருடைய முதலாளி யார்? வேலையைச் சொல்வதும் கருவி கொடுப்பதும் நேரம் குறிப்பதும் மெயின் கான்ட்ராக்டர் என்றால், காகிதத்தில் 'சப் கான்ட்ராக்டர்' என்று எழுதியிருப்பது மட்டும் தேசியத் தொழில் நீதிமன்றத்தில் அவரைக் காப்பாற்றிவிடாது.

எழுதிக்கொண்டாலும் ஒரு கவனம் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக எழுதப்படும் ஆவணத்தை அவருக்குப் படித்துக்காட்டி விளக்க வேண்டும். எழுதியவர் தன் பெயரையும் முகவரியையும் அதிலேயே குறிக்க வேண்டும். மாநிலங்களின் எழுத்தறிவற்றோர் பாதுகாப்புச் சட்டங்கள் சொல்வது இது. குறிக்காமல் விட்டால் அந்தக் காகிதத்தை அந்த மேஸ்திரிக்கு எதிராக நீட்ட முடியாமல் போகலாம். மிகச் சரியான சட்டம் என்று நினைக்கிறேன்.

இதைவிட முக்கியம் உயிர். 2021 நவம்பர் 1ல் லாகோஸின் இக்கோயியில் கட்டிக்கொண்டிருந்த 21 மாடிக் கட்டடம் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் அன்று வேலையில் இருந்தவர்கள். அந்த விபத்துக்குப் பல காரணங்கள் பேசப்பட்டன, கூலி முறை மீது நான் பழி போடவில்லை. ஆனால் சைட்டில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் இருந்தால் இடிபாட்டில் யாரைத் தேடுகிறோம் என்றாவது தெரியும். இரண்டு மாடிக்கு மேல் கட்டுபவர் கட்டுமான விபத்துக்குக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்பது 2003லிருந்தே சட்டம். உங்கள் ஆட்களுக்கும் அந்த பாலிசி பொருந்துமா என்று பாலிசியையே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எந்த வகையானாலும் வேண்டிய காகிதங்கள்

வெளிநாட்டு நிறுவனம் நைஜீரியாவில் தொழில் செய்ய 2020ம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி அங்கேயே ஒரு கம்பெனியாகப் பதிய வேண்டும். கூட்டிப்போகும் இந்தியப் பொறியாளர்களுக்கு எக்ஸ்பாட்ரியேட் கோட்டா, அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க அரசின் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுங்கள், கட்டாத ஆவணத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. சாலை, பாலம், கட்டடம், மின் நிலைய வேலைகளுக்கு உள்நாட்டு நிறுவனத்தின் பில்லில் 2 சதவீதம் வரி பிடிப்பார்கள். வரி எண் இல்லாவிட்டால் அது இரட்டிப்பாகும். பிடித்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அரசு ஏலமென்றால் வரி, ஓய்வூதியம், பயிற்சி நிதியம், சமூகக் காப்பீடு நான்கின் சான்றிதழும் கேட்பார்கள்.

கடைசியாகத் தகராறு. 2023 மே மாதம் வந்த நடுவர் மற்றும் சமரசச் சட்டம் 1988ன் பழைய சட்டத்தை அகற்றியது. இரண்டு நடுவர் வழக்குகளை ஒன்றாகச் சேர்த்து விசாரிக்கவும் அதில் வழி இருக்கிறது, ஆனால் தரப்பினர் சம்மதிக்க வேண்டும். சண்டை வந்தபின் சம்மதம் கிடைக்காது. மெயின் ஒப்பந்தத்தில் நடுவர் மன்றம் லண்டனிலும் உங்கள் ஒப்பந்தத்தில் லாகோஸிலும் இருந்தால், ஒரே ஏசி டக்ட்டுக்காக இரண்டு ஊரில் இரண்டு வழக்கு நடக்கும். அங்கே ஒரு தீர்ப்பு, இங்கே ஒரு தீர்ப்பு என்றும் ஆகலாம். அதனால் ரேட் பேசி முடித்த அன்றே மெயின் ஒப்பந்தத்தின் பணம், நோட்டீஸ், விலை மாற்றம், தகராறு ஆகிய நான்கு பக்கங்களின் நகலைக் கேளுங்கள். விலைகளை மறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை. தர மறுத்தால், அந்த வேலைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.