கடைசி வரிசையிலிருந்து பார்த்த டிரெயில் அரை மராத்தான்

ஒரு சிற்றூரில் நடந்த டிரெயில் அரை மராத்தானை, அதாவது தார்ச்சாலையில் அல்லாமல் கரடுமுரடான இயற்கைப் பாதையில் ஓடும் அரை மராத்தானை, நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஓடி முடித்தோம். எங்களில் யார் மெதுவாக ஓடுகிறாரோ அவருடைய வேகத்தில்தான் மற்ற மூவரும் ஓடுவது என்று முதலிலேயே பேசி வைத்திருந்ததால், பந்தயத்தின் பெரும்பகுதியைக் கூட்டத்தின் வால்பகுதியிலிருந்தே பார்க்க நேர்ந்தது. ஒரு பந்தயம் எப்படி நடத்தப்படுகிறது என்று அறிய அதைவிட நல்ல இடம் கிடையாது. முதல் பத்துப் பேருக்கு எதிலும் குறையிருக்காது. தட்டுப்பாடு தெரிவது பின்னால் வருகிறவர்களுக்குத்தான்.

முதலில் பாராட்ட வேண்டியது வழிக்குறிகளை. சாலைப் பந்தயத்தில் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடிவிடலாம். ஒற்றையடிப் பாதையில் இரண்டு வளைவைக் கடந்தால் ஒருவரும் கண்ணில் படமாட்டார்கள். இங்கே ஒவ்வொரு பிரிவிலும் ஆரஞ்சு நிற நாடா கண்மட்டத்தில் கட்டப்பட்டிருந்தது. போகக் கூடாத பாதையின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அதோடு நில்லாமல், பிரிவைத் தாண்டி முப்பது நாற்பது அடி சென்றதும், சரியாகத்தான் வந்திருக்கிறோம் என்று உறுதி சொல்வதற்காகவே இன்னொரு நாடாவும் இருந்தது. இந்த இரண்டாவது நாடாவுக்குப் பலர் மெனக்கெடுவதில்லை. பதினோராவது கிலோமீட்டரில் ஓரிடத்தில் மட்டும், தாழ்வாகக் கட்டிய நாடாவை ஆடு பாதி தின்றுவிட்டிருந்தது. மிஞ்சிய விரல் நீளத் துண்டே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அரை மராத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். எங்கள் கைக்கடிகாரங்களோ 21.4 முதல் 22.1 வரை நான்கு விதமாகக் காட்டின. மரங்கள் அடர்ந்த, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதையில் ஜிபிஎஸ் தடுமாறுவது இயல்பு என்பதால் அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்பதை எங்குமே குறிப்பிடாமல், சில மேடுகள் உண்டு என்று மட்டும் அறிவிப்பில் எழுதியிருந்ததை ஏற்க முடியாது. நாங்கள் ஏறியது ஏறத்தாழ 600 மீட்டர். சர்வதேச டிரெயில் ஓட்டச் சங்கம் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் கூடுதலாக ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறது. அப்படிப் பார்த்தால் எங்கள் உழைப்பு 27 கிலோமீட்டருக்குச் சமம். சாலையில் 2 மணி 30 நிமிடத்தில் இதே தூரத்தை முடிக்கும் எங்கள் நண்பருக்கு இங்கே 3 மணி 40 நிமிடம் ஆனது. காலக்கெடுவோ 4 மணி நேரம். முன்பே தெரிந்திருந்தால் முதல் ஐந்து கிலோமீட்டரை அவ்வளவு உற்சாகமாக ஓடித் தொலைத்திருக்க மாட்டோம்.

தண்ணீர் விஷயத்தில்தான் ஏமாந்தோம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்று சொல்லியிருந்தார்கள். நிலையங்கள் சொன்ன இடத்தில் இருக்கவும் செய்தன. இரண்டாவது நிலையத்தில் தண்ணீரோடு உப்புக்கரைசலும் வைத்திருந்தது நல்ல ஏற்பாடு, ஏனெனில் மணிக்கணக்கில் வியர்த்தபடி வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் பதினைந்தாவது கிலோமீட்டருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த கேன்கள் காலி. முன்னால் போனவர்கள் தலையில் ஊற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அங்கிருந்த சிறுவன் சங்கடத்தோடு சொல்லி, ஒரு கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து, எங்கள் நால்வருக்குமாக அரை பாட்டில் தேற்றிக் கொடுத்தான். அவன்மேல் கோபப்பட முடியவில்லை.

அடுத்து வந்த இறக்கம் முழுக்க உதிரிச் சரளை. சாலை ஓட்ட ஷூவோடு வந்திருந்த ஒருவர் அதில் பாதியை உட்கார்ந்தபடியே இறங்கினார். அடிப்பாகத்தில் பிடிப்புக் கட்டைகள் உள்ள டிரெயில் ஷூ அவசியம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

எங்களுக்குச் சற்றுப் பின்னால், நாடாக்களை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே இரண்டு தன்னார்வலர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவசரப்படுத்தவில்லை, கேட்டபோது மட்டும் எஞ்சியிருக்கும் நேரத்தைச் சொன்னார்கள். இறுதிக்கோட்டில் நேரம் பதியும் விரிப்பைச் சுருட்டாமல் வைத்திருந்தார்கள், பதக்கமும் தீர்ந்துபோகவில்லை. சொந்தமாக ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கத் தயாராக இருக்கும் நண்பர்கள் குழுவுக்கு இந்தப் பந்தயத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். தனிப்பட்ட சிறந்த நேரத்தைக் குறிவைப்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

கைகோத்து ஒன்றாகக் கோட்டைத் தாண்டிய எங்களை முடிவுப் பட்டியல் ஒவ்வொரு நொடி இடைவெளியில் நான்கு இடங்களில் பிரித்துப் போட்டிருந்தது. நால்வரில் முதலாவதாக வந்தவர், யார் வேகத்தில் நாங்கள் ஓடினோமோ அவரேதான். அதை அவர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.