காலி கன்ஸ்ட்ரக்டரா, மதிப்பு வாங்கும் கன்ஸ்ட்ரக்டரா?

ஜாவா கற்கத் தொடங்கும் பலர், ஆப்ஜெக்டைக் காலியாக உருவாக்கிவிட்டுச் செட்டர்களால் (ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியே இடும் மெத்தடுகளால்) நிரப்புவதா, மதிப்புகளைக் கன்ஸ்ட்ரக்டரிலேயே (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதியிலேயே) வாங்கிக்கொள்வதா என்று தயங்குகிறார்கள். வங்கிக் கணக்குக்கான ஒரு கிளாஸை வைத்து இரண்டையும் பார்ப்போம்.

எழுதும் வேலை
காலி: நாம் எந்தக் கன்ஸ்ட்ரக்டரும் எழுதாதபோது கம்பைலரே ஒன்றைத் தந்துவிடும்.
மதிப்பு வாங்குவது: நாமே எழுத வேண்டும், எழுதியவுடன் கம்பைலர் தந்துவந்தது நின்றுவிடும்.

பாதுகாப்பு
காலி: ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) வைக்கப்படும் கணக்கு எண் 'நல்' (எதுவும் இல்லை) ஆகவும் இருப்பு 0 ஆகவும் பிறக்கின்றன, செட்டரை அழைக்க மறந்தால், கணக்கு எண்ணின் நீளத்தைக் கேட்கும் வரியில், அதுவும் நிரல் ஓடும்போதுதான், 'நல் பாயின்டர் எக்ஸெப்ஷன்' என்ற பிழை எழும்.
மதிப்பு வாங்குவது: கணக்கு எண்ணைத் தராவிட்டால் நிரல் கம்பைல் ஆகாது, எதிர்மறை இருப்பை வாசலிலேயே மறுக்கலாம், கணக்கு எண்ணை 'ஃபைனல்' என்று அறிவித்து, பிறகு மாறாதபடி பூட்டலாம். ஆனால் ஃபீல்டுக்கும் (ஆப்ஜெக்ட் வைத்திருக்கும் மாறி) பாராமீட்டருக்கும் (கன்ஸ்ட்ரக்டர் வாங்கும் மதிப்பு) ஒரே பெயரிட்டு, ஆப்ஜெக்டின் ஃபீல்டையே குறிக்கும் 'திஸ்' என்பதை விட்டுவிட்டால், ஃபைனல் அல்லாத ஃபீல்டு சத்தமின்றிக் காலியாகவே நின்றுவிடும். தொடக்கத்தில் மிகுதியாகக் குழப்பும் பிழை இதுவே என்பேன்.

வாசிப்பு
செட்டரின் பெயரே பொருளைச் சொல்லிவிடும்; கன்ஸ்ட்ரக்டரில் இரண்டு ஸ்ட்ரிங்குகள் இடம்மாறினால் கம்பைலருக்குத் தெரியாது.

கணக்கு எண் போல இல்லாமல் முடியாத மதிப்புகள் உள்ள கிளாஸுக்கு இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். விருப்பத் தேர்வுகள் மட்டும் நிறைந்த அமைப்புகளுக்கும், காலி கன்ஸ்ட்ரக்டரைக் கட்டாயமாகக் கேட்கும் ஜேபிஏ என்டிட்டிகளுக்கும் (தரவுத்தள அட்டவணையோடு இணைக்கப்படும் கிளாஸ்கள்) முதலாவது பொருந்தும். இரண்டும் தேவைப்பட்டால் ஒரே கிளாஸில் இரண்டையும் எழுதலாம்.